கருங்கிழங்கும் ஆமை வைத்தியரின் அரை மணி நேரமும்

சீன தேசத்து மூங்கில் மலையில் ஓர் ஆமை வைத்தியம் பார்த்துவந்தது. நான்கு தலைமுறை வைத்தியக் குடும்பம். ஆமைக் கணக்கில் நான்கு தலைமுறை என்றால் எவ்வளவு காலம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மலையில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாரை மூன்று விரலால் நாடி பிடித்து நோயைச் சொல்லும். முள்ளம்பன்றி ஊசி குத்தும். ஊசி வாங்க அது கடைக்குப் போக வேண்டியதில்லை. இவர்கள் எல்லோரும் சேர்ந்து இணையத்தில் ஒரு பொதுப்பக்கம் ஆரம்பித்திருந்தார்கள். தெரிந்த மருந்தை எழுதலாம், தெரியாததைக் கேட்கலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். மிருகங்களிடம் கைபேசி ஏது என்று கேட்காதீர்கள். வைத்தியம் பார்க்கும் ஆமையை ஒத்துக்கொண்டீர்கள் அல்லவா, கைபேசியையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் ஓகோவென்று நடந்தது. காலையில் எழுந்ததும் முந்நூறு வைத்தியர்கள் முந்நூறு பூப்படம் போடுவார்கள். யார் எதை எழுதினாலும் முள்ளம்பன்றி உடனே "அருமையான பகிர்வு ஐயா" என்று கைகூப்பும். படித்துப் பார்த்துக் கைகூப்பும் வழக்கம் மட்டும் அங்கே கிடையாது.

ஆமையும் தன் குடும்ப மருந்தை அதில் எழுதியது. குளிரில் விறைத்துப் போகிறவர்களுக்கான கஷாயம் அது. கருங்கிழங்கு, சுக்கு, அதிமதுரம். "மூன்றையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைக்கவும்" என்று எழுதியது.

அது பச்சைப் பொய்.

கருங்கிழங்கு சரியான விஷம். அதை மட்டும் தனியாக இரண்டு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். பிறகு ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நாக்கு மரத்தால் இன்னும் கொதிக்கவிட வேண்டும். மரக்காவிட்டால்தான் மற்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். இந்தச் சூட்சுமம் அந்த மலையில் ஆமைக்கு மட்டும்தான் தெரியும். 'எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என் வாசலுக்கு யார் வருவார்?' என்று அது அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டது.

வடக்குச் சரிவில் ஒரு முயல் புதிதாக வைத்தியம் பார்க்க ஆரம்பித்திருந்தாள். குடும்பத்தில் யாரும் வைத்தியர் இல்லை. கற்றதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான். அவள் ஆமையின் மருந்துக்குக் கீழே மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா, கிழங்கு புதிதாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்க விடலாமா?"

"மூத்தவர்கள் எழுதியதில் மூக்கை நுழைக்காதே அம்மா" என்று ஆமை பதில் போட்டது.

அதோடு விடவில்லை. ஒரு புது விதியும் கொண்டுவந்தது. மூத்த வைத்தியர் எழுதிய மருந்தில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் மூன்று மூத்தவர்கள் ஒப்புதல் தர வேண்டும். அந்த மூவர் ஆமை, நாரை, முள்ளம்பன்றி. "அருமையான பகிர்வு ஐயா" என்றது முள்ளம்பன்றி.

அடுத்த பனிக்காலத்தில் நாரையின் மனைவிக்குக் குளிர் கண்டது. நாரை பொதுப்பக்கத்தைப் பார்த்து அப்படியே கஷாயம் வைத்துக் கொடுத்தது. நல்லவேளை, கசப்புத் தாங்காமல் அவள் கால் கிண்ணத்தோடு நிறுத்திவிட்டாள். அதற்கே மூன்று நாள் நாக்கு மரத்து, கால் துவண்டு, பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். நாரை பதறிப்போய்ப் பொதுப்பக்கத்திலேயே ஆமையிடம் கேட்டது.

"நீங்கள் நாடியைச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்றது ஆமை. நாடி பார்த்தே பேர் வாங்கிய நாரையிடம், முந்நூறு பேர் பார்க்க, அப்படிச் சொன்னது. நாரை அதன் பிறகு அந்தப் பக்கத்தில் வாயே திறக்கவில்லை.

ஒரு வருடம் போனது. வடக்குச் சரிவில் வைத்தியர் மாநாடு கூடியது. 'அறிவைப் பகிர்வோம்' என்ற தலைப்பில் சிறப்புரை ஆற்ற ஆமையைத்தான் அழைத்திருந்தார்கள்! வேறு யாரை அழைப்பார்கள்?

ஆமை பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே நடந்தது. வழியில் பனி உறைந்த ஓடை. கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. கரையேறுவதற்குள் உடம்பு கட்டையாகிவிட்டது. தலையை ஓட்டுக்குள் இழுக்கவும் முடியவில்லை. நாக்கு புரளவில்லை. வலது முன்காலில் ஒரு நகம் மட்டும் அசைந்தது.

முயல்தான் அதைப் பார்த்தாள். முதுகில் ஏற்றிக்கொண்டு மூச்சிரைக்க வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்போரம் கிடத்தினாள்.

"பயப்படாதீர்கள் ஐயா. உங்களுக்கு நான் வேறு யாருடைய மருந்தையும் கொடுக்கப் போவதில்லை. உங்கள் மருந்தையே கொடுக்கிறேன். பெரியவர் என்பதால் இரண்டு பங்கு போடுகிறேன்" என்றாள்.

ஆமையின் கண் பிதுங்கியது. முயல் மண்சட்டியை அடுப்பில் வைத்து, கருங்கிழங்கை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். மேலே சுக்கு, அதற்கும் மேலே அதிமதுரம்.

கால் கிண்ணத்துக்கே நாரையின் மனைவி என்ன பாடுபட்டாள் என்று ஆமைக்குத் தெரியும். இரண்டு பங்கு உள்ளே போனால் அதன் கதை முடிந்தது. ஐயோ பாவம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், வாய் வரமாட்டேன் என்கிறது.

ஆமை நகத்தால் தரையில் 'வேண்டாம்' என்று கீறியது.

முயல் சிரித்தாள். "'குளிர் தலைக்கேறினால் நோயாளி மருந்து வேண்டாம் என்பான், கேட்காமல் வாயில் ஊற்று' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனப்பாடம்."

ஆமை மறுபடி கீறியது. 'இரண்டு மணி நேரம்.'

முயல் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். "பக்கத்தில் அரை மணி என்றுதானே இருக்கிறது? மாற்ற வேண்டுமானால் மூவர் ஒப்புதல் வேண்டும். விதி போட்டதும் நீங்கள்தானே ஐயா?"

சட்டி கொதிக்க ஆரம்பித்தது. ஆமை கைபேசியை நோக்கி நகத்தை நீட்டியது. முயல் இரக்கப்பட்டு, அதன் ஓட்டுக்குள் நனையாமல் இருந்த கைபேசியை எடுத்து முன்னால் வைத்தாள். ஆமை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியது. கிழங்கைத் தனியாக, இரண்டு மணி நேரம், நாக்கில் ஒரு சொட்டு என்று எல்லாவற்றையும் எழுதியது. தன் ஒப்புதலைத் தானே கொடுத்தது. முள்ளம்பன்றி அடுத்த நொடியே ஒப்புதல் போட்டு, "அருமையான பகிர்வு ஐயா" என்றது. மிச்சம் நாரை.

நாரை அந்தத் திருத்தத்தை இரண்டு தடவை படித்தது. பிறகு எல்லோரும் பார்க்கும்படி கேட்டது.

"இது உங்களுக்கு எப்போது தெரியும்?"

முயல் கரண்டியால் சட்டியைக் கிளறினாள். "நன்றாக இறங்கிவிட்டது ஐயா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றாள்.

'சின்ன வயதிலிருந்தே தெரியும்' என்று ஆமை எழுதியது.

"என் மனைவி மூன்று நாள் பிணமாகக் கிடந்தபோதும் தெரியுமா?"

'தெரியும்.'

"அப்படியானால் என் நாடியில் என்ன தப்பு?"

'உங்கள் நாடியில் தப்பில்லை. நான்தான் மறைத்தேன்.'

முந்நூறு பேர் அதைப் படித்தார்கள். ஒருவரும் பூப்படம் போடவில்லை. நாரையின் ஒப்புதலும் வரவில்லை. முயல் சட்டியை இறக்கினாள், வடிகட்டினாள், கிண்ணத்தை ஊதி ஆற்றினாள். ஒரு கையால் ஆமையின் வாயைத் திறந்தாள். ஆமைக்கு அழுகை வந்தது. அதற்கும் உடம்பில் சூடு போதவில்லை.

கைபேசி ஒலித்தது. நாரையின் ஒப்புதல் வந்திருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தது. "உங்களுக்காகத் தரவில்லை. இனிமேல் இதைக் குடிக்கப்போகிறவர்களுக்காகத் தருகிறேன்."

முயல் பக்கத்தைப் படித்தாள். கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். பிறகு புதிதாகக் கிழங்கை எடுத்து, அதை மட்டும் சட்டியில் போட்டு, இரண்டு மணி நேரம் அடுப்பைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். மரக்கவில்லை. சுக்கும் அதிமதுரமும் போட்டு இறக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் ஆமையின் கால்கள் அசைந்தன. நாக்கும் புரண்டது. பேச வந்ததும் அது முதலில் கேட்டது, "மாநாடு முடிந்துவிட்டதா?"

முயல் ஓரமாக வைத்திருந்த பழைய கிண்ணத்தை எடுத்து வெளியே கொட்டினாள். திரும்பி வந்து அடுப்போரம் உட்கார்ந்தாள்.

"ஐயா, போன மாதம் பக்கத்து வீட்டு அணில் குட்டிக்கு இந்தக் கஷாயத்தை நான்தான் வைத்துக் கொடுத்தேன். பொதுப்பக்கத்தில் எழுதியிருந்தபடியே செய்தேன். பிழைக்கவில்லை. என் கைதான் ராசியில்லாத கை என்று நினைத்துத் தினம் அழுதுகொண்டிருந்தேன்" என்றாள்.

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. இப்போது அதற்கு இழுக்க முடிந்தது.

அன்றிரவு அந்தப் பொதுப்பக்கத்தில் ஓர் அதிசயம் நடந்தது. யாரும் கேட்காமலே, யாரும் காரணம் சொல்லாமலே, இருநூற்றுப் பதினேழு மருந்துகளில் மருந்துக்கொரு வரி புதிதாக முளைத்தது. முள்ளம்பன்றி மட்டும் பதினொரு வரி சேர்த்தது.

அறிவைப் பகிர்கிறேன் என்று சொல்லி உயிர் காக்கும் வரியை ஒளித்துவைக்கிறவன் அறிவைக் கொடுக்கவில்லை, விஷத்தைத்தான் கொடுக்கிறான்.