புன்னை இலை உதிரும் வரை

கதையைக் கேட்ட கையோடு தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வழக்கு ஒரு குதிரையைப் பற்றியது, சாட்சிக்கு நிற்பதோ ஒரு மரம்.

சங்குத்துறை என்ற கடற்கரை ஊரில் ஒரு வைகாசி மாதம் பெஹ்ராம் என்ற குதிரை வியாபாரி கப்பலில் வந்து இறங்கினான். பனிமலைகளுக்கு அப்பாலுள்ள நாடு அவனுடையது. அங்கே ஆண்டு நான்காகப் பிரிந்து கிடக்கும். தளிர்க்க ஒரு காலம், வெயிலுக்கு ஒரு காலம், இலை உதிர ஒரு காலம், பனி மூட ஒரு காலம். சங்குத்துறையிலோ வெயில் உண்டு, அதைவிடக் கடுமையான வெயில் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் மழை உண்டு, அவ்வளவுதான். பெஹ்ராம் இந்தப் பக்கம் வந்தது அதுவே முதல் தடவை. மாலுமிகளிடம் ஓரளவு தமிழ் கற்றிருந்தான். மரங்களைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அவன் கொண்டுவந்தவற்றில் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்றுக்குக் குளம்பு புண்ணாகி நடக்க முடியவில்லை. ஊரில் ஆடு மாடுகளுக்கு மருந்து கட்டும் ஆவுடைச்சியிடம் அதைக் கொண்டுபோய் விட்டான். அடுத்த துறைகளில் மற்றக் குதிரைகளை விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"எப்ப வருவீய?" என்று கேட்டாள் ஆவுடைச்சி.

பெஹ்ராம் அவள் முற்றத்தில் நின்ற புன்னை மரத்தைக் காட்டினான். "இந்த மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்பதற்குள் வந்துவிடுவேன். வராவிட்டால் குதிரை உங்களுக்கே சொந்தம்."

அவன் நாட்டில் இப்படித்தான் கெடு வைப்பார்கள். ஏறக்குறைய ஐந்து மாதம் என்று அங்கே குழந்தைக்கும் புரியும். ஆவுடைச்சிக்குப் புரிந்தது வேறு. புன்னை எந்தக் காலத்தில் மொட்டையாக நின்றது? தினம் நாலு இலை விழும், நாலு துளிர்க்கும். கூட்டிப் பெருக்கி அவளுக்குத்தான் இடுப்பு ஒடியும். குதிரையை ஒருநாளும் தரமாட்டேன் என்பதை இந்த மனுஷன் மரியாதையாகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். சிரிப்புக்கூட வந்தது. ஆனாலும் வலியில் நின்ற குதிரையைப் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டாள்.

ஐந்து மாதம் போயிற்று, வருடமும் போயிற்று. காற்று கப்பலை வேறு பக்கம் தள்ளிவிட, பெஹ்ராம் எப்படியோ தன் நாட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தான். இங்கே குளம்பு ஆறியது. சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனவள் ஆவுடைச்சி. அதுவரை அவள் வாசலுக்கு வந்த மாட்டுக்குத்தான் மருந்து. இப்போது குதிரைமேல் ஏறி, மணல்மேடு தாண்டி ஏழு குப்பங்களுக்கும் போனாள். எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாடுகளும் பிழைத்தன. அந்தக் குதிரைமேல் அவளுக்கு உயிர்.

இரண்டாம் வருடம் கார்த்திகையில் பெரிய புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் புன்னையில் ஓர் இலை இல்லை. பக்கத்து வீட்டு இசக்கி ஓடிவந்தாள்.

"ஏட்டி, மரம் மொட்டையா நிக்கி பாரு. இனிமே குதிரை ஒனக்குத்தான்."

"அது காத்து பிச்சுப் போட்டதுல்லா. மரம் தானா உதிர்க்கலியே" என்றாள் ஆவுடைச்சி.

இப்படியும் ஒரு பைத்தியக்காரி உண்டா என்று இசக்கி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சில மாதங்களில் மரம் பழையபடி தழைத்துவிட்டது.

நாலாம் வருடம் மார்கழியில் பெஹ்ராம் வந்தான். தெருவில் எதிர்ப்பட்ட இசக்கியிடம், "ஆவுடைச்சி அம்மாள் அந்தச் சாம்பல் குதிரையை விற்பாரா? நல்ல விலை தருகிறேன்" என்று கேட்டான். பிறகு முற்றத்துக்குள் நுழைந்தவன் திகைத்து நின்றான். அவன் நாட்டில் மரங்களெல்லாம் விறகாக நிற்கும் மாதம் அது. இங்கே புன்னை மரமோ பச்சைப் பசேலென்று பூத்துக் கிடந்தது.

"இது எப்போது உதிரும்?"

"இதுவா? இது மொட்டையா நிக்கிற மரம் இல்லீங்களே" என்றாள் ஆவுடைச்சி. எதையும் மறைக்கத் தெரியாதவள்.

பெஹ்ராமின் முகம் மாறியது. "அப்படியென்றால் நான் சொன்ன கெடு இன்னும் முடியவில்லை" என்று குதிரையின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டான்.

வழக்கு துறைத் தலைவர் நல்லபெருமாளிடம் போயிற்று. இசக்கி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். புயலில் மரம் மொட்டையானதையும் சொன்னாள், ஆவுடைச்சி சொன்ன பதிலையும் சொன்னாள். பெஹ்ராம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "காற்று பிய்த்தது கணக்கில் வராது என்று இவரே சொல்லியிருக்கிறாரே."

"சொன்னேன்" என்றாள் ஆவுடைச்சி. "வாக்குப்படி அவுக குதிரைன்னா கூட்டிட்டுப் போகட்டும்." சொல்லிவிட்டாளே தவிர, குதிரையின் பிடரியில் வைத்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.

இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. மரமும் பச்சையாகத்தான் நிற்கிறது. இப்போது சொல்லுங்கள்: குதிரை யாருக்குச் சேர வேண்டும், எதனால்?

விடை: ஆவுடைச்சிக்குத்தான். புயலை இதில் இழுக்க வேண்டாம், அதை அவளே தள்ளிவிட்டாள். மரத்தையும் பார்க்க வேண்டாம். கெடு வைத்தவன் பெஹ்ராம். வைக்கும்போது அவன் மனதில் இருந்தது அவன் நாட்டு இலையுதிர் காலம், அது நாலு தடவை வந்து போய்விட்டது. குதிரை கைவிட்டுப் போயிற்று என்று அவனுக்கே தெரியும். தன் குதிரையை எவனாவது விலைக்குக் கேட்பானா? நல்லபெருமாள் இந்த ஒன்றைத்தான் கேட்டார். பெஹ்ராம் கயிற்றை விட்டுவிட்டான். கெட்டவன் அல்ல, பச்சை மரத்தைக் கண்டதும் ஆசைப்பட்டுவிட்டான்.

கப்பல் ஏறப் போகும்போது அவனுக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. "மரம் எப்போதும் இப்படியே நின்றால், ஒரு வருடம் போனது உங்களுக்கு எப்படித் தெரிகிறது?"

"மத்தவுகளுக்கு எப்படியோ" என்றாள் ஆவுடைச்சி. "நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருவீயளோன்னு ஒவ்வொரு கப்பலுக்கும் பயந்துக்கிட்டே கெடந்தேன். எனக்கு நாலு வருசமும் ஒவ்வொரு நாளாத் தெரிஞ்சுது."