கடிபடாத கை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று தைலம்மைக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து சாமியம்மாவின் குடிசைவரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதலில் பூச்சியைக் குறை சொல்வது போல வந்தது. மாற்றினாள். இப்போது சாமியம்மாவையே குறை சொல்வது போல ஆகிவிட்டது. அதையும் மாற்றினாள். குடிசை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.

கையில் ஒரு மூங்கில் கூடை. அதன் வாயில் கொசுவலை கட்டியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஒரு கும்பிடுபூச்சி, முன்னங்கால் இரண்டையும் மடக்கி வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சாமி, இது என்னைக் கடிக்குது."

சாமியம்மா எலுமிச்சம்பழங்களைத் துடைத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். தைலம்மையைவிடப் பத்து வயதாவது சின்னவள். அந்தத் தோப்பில் எல்லாருக்கும் அவள்தான் குரு. ஆனாலும் தைலம்மையை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எப்பலேர்ந்துக்கா?"

"நீங்க கொடுத்த அன்னையிலேர்ந்து."

*

மலையடிவாரத்துத் தோப்பு அது. மனசு சரியில்லாதவர்கள் வந்து தங்கிப் போவார்கள். வருகிற ஒவ்வொருவர் கையிலும் சாமியம்மா ஒரு கும்பிடுபூச்சியைக் கொடுத்து, "இதைப் பாத்துக்கோங்க" என்பாள். அவ்வளவுதான் சொல்வாள்.

மற்றதையெல்லாம் அங்கே முன்பே இருந்தவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

காலையில் பூச்சியைக் கையில் ஏற்றிக்கொண்டு உட்கார வேண்டும். மேலிருந்து பிடிக்கக் கூடாது, பறவை என்று பயந்துவிடும். கையை முன்னால் நீட்டினால் அதுவாக ஏறும். தீனிக்காக வெட்டுக்கிளியைத் தொட்ட கை என்றால் கழுவிவிட்டு நீட்ட வேண்டும். அதன் முகத்தில் மூச்சு படக் கூடாது. தப்பித் தவறிக் கவ்விவிட்டால் கையை உதறக் கூடாது, அதன் கால் முறிந்துவிடும். அதுவாக விடுகிறவரை அசையாமல் இருக்க வேண்டும்.

கடிபட்டவர் மனசில் ஏதோ கோணல் இருக்கிறது என்பதும் அவர்கள் சொன்னதுதான். கடிபட்டவர் அன்றைக்குக் கடைசிப் பந்தியில், தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

தைலம்மை வந்த நாளிலிருந்து கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டாள்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கும் பூச்சியார் டிக்கெட் கிழிச்சுட்டாரா?" என்பார் மாசானமுத்து. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோப்பில் பரிமாறுவது அவர் வேலை. "தெனமும் ஒன்னைய எந்த ஊருக்குத்தான் அனுப்புதாரு?"

அவள் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் அவர் மனசு புண்படுமே என்று சிரிப்பாள்.

பூச்சியின் கண்ணுக்குள் கடுகளவில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. அவள் கூடையைச் சுற்றி எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் புள்ளியும் அந்தப் பக்கம் வந்துவிடும். பொழுது சாயச் சாயப் புள்ளி பெருகி, கண் முழுவதும் கருப்பாகிவிடும். அப்புறம் அது எங்கே பார்க்கிறது என்றே தெரியாது.

இலைகூட அசையாத மத்தியானத்தில், அதற்கு மட்டும் காற்றடிப்பது போல, அது முன்னும் பின்னும் மெல்ல ஆடும். ஆடுகிறவரை பயமில்லை. ஆட்டம் நின்றால் அடுத்தது விரல்தான்.

ஆட்டம் நிற்கிற அந்த நொடி தைலம்மைக்கு நன்றாகத் தெரியும். வீட்டிலும் அந்த நொடி உண்டு.

அவள் எதையெல்லாமோ மாற்றிப் பார்த்தாள். நிழல் விழாமல் தள்ளி உட்கார்ந்தாள். வளையல் சத்தம் அதற்குப் பிடிக்கவில்லையோ என்று வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பச்சைச் சேலையாகப் பார்த்துக் கட்டினாள். இது அவளுக்குப் புதிதில்லை. குழம்பில் உப்பு, கதவு சாத்துகிற சத்தம், தான் நடக்கிற நடை என்று வீட்டிலும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தவள்தான்.

இந்தப் பூச்சி கடிக்காதபடி ஒரு கை தனக்கு வாய்த்துவிட்டால், வீட்டிலும் அடி விழாது என்று அவள் நம்பினாள். தப்பு தன் கையில்தான் எங்கேயோ இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அதைச் சாமியம்மா கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக அவள் புருஷன் அணைஞ்சபெருமாள் சொல்லியனுப்பியிருந்தான்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

"கையைக் கழுவினீங்களா?" என்றாள் சாமியம்மா.

"கழுவினேன் சாமி."

"மேலேர்ந்து பிடிச்சீங்களா?"

"இல்லை. முன்னாலதான் நீட்டினேன். மூச்சைக்கூட அடக்கிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் கடிக்குது?"

"அதைத்தான் சாமி, நான் கேக்க வந்தேன்."

சாமியம்மா பழத்தைக் கீழே வைத்தாள். கூடையின் வலையை அவிழ்த்துக் கையை நீட்டினாள். பூச்சி நிதானமாக ஏறி அவள் சுட்டுவிரல் நுனிக்கு வந்தது. மெல்ல ஆடியது.

ஆட்டம் நின்றது.

"ஐயோ!"

சாமியம்மா துள்ளிக் குதித்துக் கையை உதறினாள். பூச்சி எலுமிச்சம்பழக் குவியலில் போய் விழுந்தது. "அம்மாடி! என்னா கடி!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு குடிசைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

தைலம்மை பழக் குவியலுக்கு ஓடினாள். கால் முறிந்திருக்கும் என்று குனிந்து பார்த்தாள். முறியவில்லை. பூச்சி ஒரு பழத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, மறுபடியும் முன்னங்கால்களை மடக்கிக்கொண்டிருந்தது.

"சாமி... ஒங்களையுமா கடிக்கும்?"

"அதுக்கு வாய் இருக்கே."

"ஒங்ககிட்ட என்ன தப்பு?"

"விரல் அங்க இருந்துச்சு."

தைலம்மைக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. "அப்போ ஒங்க பூச்சிக்கு எப்படித் தீனி கொடுப்பீங்க?"

சாமியம்மா கூரைக் கீற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் காட்டினாள். "இதுல குத்தி."

"கையில இல்லையா?"

"கையிலயா? எனக்கென்ன கிறுக்கா?"

"நாங்க எல்லாரும் கையிலதானே சாமி..."

"பாத்துக்கோங்கன்னுதான் நான் சொன்னேன். ஒருத்தரும் வந்து கேக்கலை." வாயிலிருந்து விரலை எடுத்துப் பார்த்தாள். "இப்போ நீங்க நீட்டுங்க."

நீட்டு என்றால் தைலம்மை நீட்டிவிடுவாள். நீட்டினாள்.

பூச்சி ஏறியது. ஆடியது. நின்றது. முள்ளுக்கால்கள் இரண்டும் அவள் மோதிரவிரலைக் கவ்வின. அதன் வாய் அசைந்தது. ஒரு பொட்டு ரத்தம் எழும்பி நின்றது.

அவள் அசையவில்லை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. பூச்சிக்குப் போதும் என்று தோன்றி அதுவாக விட்ட பிறகுதான் கண்ணை இமைத்தாள்.

சாமியம்மா பூச்சியைப் பார்க்கவே இல்லை. தைலம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தவே இல்லையேக்கா."

"கத்தினாக் கோவம் கூடிரும்."

"யாருக்கு? பூச்சிக்கா?"

தைலம்மை பூச்சியைக் கூடைக்குள் விட்டாள். வலையை இழுத்து மூடினாள்.

ஏற்றிவிட்டிருந்த வளையல்கள் சரசரவென்று மணிக்கட்டுக்கு இறங்கி வந்தன. அவை மறைத்திருந்த இடத்தில், முன்கையைச் சுற்றி நாலு விரல் தடம், பழுத்த இலை போல மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

வெளியிலிருந்து மாசானமுத்துவின் குரல் வந்தது.

"தங்கச்சி! வீட்லேர்ந்து வந்திருக்காவ!"

*

தோப்பின் வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. பகலில் கொண்டி போடுவதில்லை, சும்மா சாத்தியிருக்கும். அதற்கு வெளியே, உச்சி வெயிலில், வெள்ளைச் சட்டையில் அணைஞ்சபெருமாள் நின்றிருந்தான். இரண்டு கையையும் கூப்பியிருந்தான்.

"எவ்வளவு தன்மையான மனுசன்!" என்று மாசானமுத்து அவளிடம் கிசுகிசுத்தார். "போற வாற எல்லாருக்கும் கும்பிடு. நம்ம நாய்க்குக்கூட ஒண்ணு போட்டாரு." சொல்லிவிட்டு, பந்தி காத்திருக்கிறது என்று சாப்பாட்டுக் கொட்டகைக்குள் போனார்.

தைலம்மை ஓர் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் நின்றாள். இங்கே நின்றால் அவன் கண்ணில் பட மாட்டோம் என்று நினைத்தாள். அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.

அவன் தலை மட்டும் திரும்பியது.

இன்னொரு மரத்துக்குப் போனாள். அவன் உடம்பு அசையவில்லை. தோள் அசையவில்லை. தலை மட்டும் மறுபடியும் அவள் பக்கம் திரும்பியது.

தோப்பில் காற்றே இல்லை. அவன் நின்ற இடத்தில் மெல்ல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி தைலு. என்ன ஒளிஞ்சு வெளையாட்டு? வாட்டி வீட்டுக்கு." குரல் தேனாக இருந்தது. "சோறு தண்ணியில்லாமக் கெடக்கேன். அப்படி நான் என்ன செஞ்சுட்டேன்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். குடிசை வாசலில் சாமியம்மா விரலைச் சப்பிக்கொண்டு நின்றாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

தைலம்மை கதவை நோக்கி நடந்தாள். நடப்பதுதான் வழக்கம்.

அவன் கம்பிக்கு நடுவே கையை உள்ளே நீட்டினான். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது.

"கையைக் குடு."

அவள் நீட்டினாள். நேராக, முன்பக்கமாக, மூச்சை அடக்கிக்கொண்டு.

அவன் ஆடுவது நின்றது.

முன்கையில் பிடி விழுந்தது. பழைய தடங்களின்மேல் விரல்கள் இடம் மாறாமல் போய் உட்கார்ந்தன. அவன் கண்ணை அவள் கிட்டத்தில் பார்த்தாள். உச்சி வெயில். ஆனாலும் கண் முழுவதும் கருப்பாக இருந்தது.

"கண்டவனுக்கெல்லாம் என்னைக் கும்பிடு போட வச்சுட்டேல்லா," என்றான் சிரித்துக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "வா. வீட்ல வச்சுப் பேசிக்கிடுவோம்."

அசையக் கூடாது. உதறக் கூடாது. அதுவாக விடுகிறவரை.

"ஐயோ!"

சாமியம்மாதான் மறுபடியும் கத்துகிறாள் என்று நினைத்தாள். கத்தியது தன் வாய். கை தானாகத் துள்ளி உதறியது. கம்பியில் ஓங்கி இடித்தது. எதுவோ படபடவென்று முறிந்தது.

ஐயையோ, முறிந்துவிட்டதே என்று பதறிக் கீழே பார்த்தாள்.

வளையல்கள். ஒன்றுகூட மிச்சமில்லை. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தன.

மாசானமுத்து சோற்றுக் கரண்டியோடு ஓடி வந்தார். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு வந்தார்கள். "என்ன தங்கச்சி? என்ன கடிச்சுது?"

வெளியே அணைஞ்சபெருமாள் அதற்குள் கையைக் கூப்பியிருந்தான். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா தொட்டேன். பயந்துட்டா."

எல்லாரும் தைலம்மையைப் பார்த்தார்கள்.

எப்படிச் சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. வலிக்காத கையால் கொண்டியை இழுத்துப் போட்டாள். போட்டதை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு, அந்தக் கம்பிக்குள்ளே ஒரு கை எவ்வளவு தூரம் வரும் என்று கண்ணாலேயே அளந்தாள்.

அதற்கு ஒரு முழம் பின்னால் போய் நின்றுகொண்டாள்.