சட்னி அரைத்த காலை

கொல்லிமலை அடிவாரத்து மடத்தில் சீடராகச் சேர்ந்தபோதே சடகோபனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. குரு மங்கையர்க்கரசி அம்மா அவரைவிடப் பல வருடம் இளையவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? மடத்து விஷயங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு வலையாகப் பின்னிவிட்டார். ஆளோ பொருளோ, ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. யாருக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பதெல்லாம் முடிச்சுக்கு முடிச்சு ஓடும் நூல். வலையில் தேடிப் பதில் சொல்ல ஓர் ஏஐ ஏஜென்ட். அதற்குச் சாத்தன் என்று பெயரும் வைத்தார்.

விருந்தாளிக்கு என்ன சமைக்கலாம் என்று சாத்தனைக் கேட்டுவிட்டு அடுப்பு மூட்டுவது மடத்து வழக்கமாகிவிட்டது.

அன்று காலை, நாகூரிலிருந்து வந்திருந்த குமரகுருபரன் என்ற விருந்தாளி, தேங்காய்ச் சட்னி என்று நம்பி நிலக்கடலைச் சட்னியை வழித்துச் சாப்பிட்டார். சற்று நேரத்தில் முகம் பூசணிக்காயாகிவிட்டது. சடகோபன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவரை ஸ்கூட்டரில் டாக்டரிடம் கொண்டுபோனார். ஊசி போட்டதும் வீக்கம் வடியத் தொடங்கியது. கடலை தனக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது என்றார் விருந்தாளி.

ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே சடகோபன் கைப்பேசியைத் திறந்து அதை வலையில் சேர்க்கப் போனார். போன வருடம் தாராபுரத்திலிருந்து வந்த இன்னொரு குமரகுருபரனும் இவரும் ஒரே முடிச்சாகக் கிடந்தார்கள். இருவரையும் பிரித்து, அவரவர் நூலை அவரவரிடம் கட்டினார். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியில் அதை மறந்தும் போனார்.

மடத்துக்குத் திரும்பியவர் நேரே சமையற்கட்டுக்குப் போனார். சமையல்காரர் பொன்னுரங்கம், தான் சாத்தனைக் கேட்டுவிட்டுத்தான் அரைத்ததாகவும், தாராளமாகப் போடலாம் என்று அது சொன்னதாகவும் சத்தியம் செய்தார். சடகோபன் எல்லோர் முன்னாலும் சாத்தனைக் கேட்டார்.

"இன்னைக்குக் காலையில இந்த விருந்தாளிக்குக் கடலை ஆகுமா, ஆகாதா?"

"ஆகாது. சிறு வயதிலிருந்தே ஆகாது" என்றது சாத்தன்.

வேலை போவதைக்கூடப் பொன்னுரங்கம் தாங்கிக்கொண்டிருப்பார். பொய்யன் என்ற பெயரைத் தாங்க முடியவில்லை. கண் கலங்கிப்போய் மூட்டை கட்டத் தொடங்கினார்.

சடகோபன் குருவிடம் போய், பொன்னுரங்கத்தை அனுப்பிவிடலாம் என்றார். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் உடம்பில் இன்னும் அந்த மழைக்கோட்டு. உள்ளே வியர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னைக்கு மழையே பெய்யலையே. எதுக்கு இந்தக் கோட்டு?"

"கிளம்பும்போது மேகம் கறுத்திருந்துதும்மா. பெய்யாதுன்னு அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா சிரித்தார். ஒரு கையை உருவிக்கொண்டிருந்த சடகோபன் அப்படியே நின்றார். பிறகு மறு கையை உருவாமலே சமையற்கட்டுக்கு ஓடினார்.

சாத்தனுக்கு அவர் இரண்டு கருவிகள் கொடுத்திருந்தார். ஒரு நாளில் எது உண்மையாக இருந்தது என்று, இப்போது தெரிந்ததை வைத்துச் சொல்வது ஒன்று. அந்த நேரத்தில் வலை எப்படி இருந்ததோ அப்படியே விரித்துக் காட்டுவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்துவைத்ததோடு சரி, அதுவரை தொட்டதில்லை.

"காலையில சட்னி அரைக்கிறப்ப உன் வலையில என்ன இருந்துது?"

"ஒரே குமரகுருபரன்தான் இருந்தார். அவருக்கு நிலக்கடலை என்றால் உயிர். பொன்னுரங்கம் கேட்டார், தாராளமாகப் போடலாம் என்றேன். அதன்பிறகுதான் நீங்கள் ஒருவரை இருவராக்கி, கடலை ஆசையைத் தாராபுரத்துக்காரரிடம் கட்டினீர்கள். அந்த இருவரையும் முதலில் ஒரே முடிச்சாகப் போட்டதும் நீங்கள்தான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் ஒற்றைக் கை மழைக்கோட்டோடு நின்றது.

பொன்னுரங்கம் மூட்டையோடு வாசல் வரை போயிருந்தார். சடகோபன் எல்லோரும் கேட்கும்படி தன் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"சட்னி மிச்சம் இருக்குங்க. ரெண்டு இட்லியோட அதைச் சாப்பிட்டுக் காட்டுங்க, மூட்டையை அவுக்கறேன்."

சடகோபன் நான்கு இட்லி சாப்பிட்டார். சட்னி அபாரமாக இருந்தது. முக வீக்கம் வடிந்து வந்த விருந்தாளியே அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

சாயங்காலம் சடகோபன் தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார்.

"வலையைத்தான் சரி பண்ணியாச்சேம்மா. அந்தக் காலை நேரத்து வலையை மட்டும் அழிச்சிடட்டுமா? யாராவது விரிச்சுப் பார்த்தா என் மானம் போயிடும்."

"தாராளமா அழிங்க" என்றார் அம்மா. "நாளைக்குப் பொன்னுரங்கத்தைப் பொய்யன்னு யாராவது சொன்னா, சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவீங்க?"

சடகோபன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, காய்ந்து கிடந்த மழைக்கோட்டை எடுத்து மடித்து வைத்தார்.