சிரிக்காமல் எழுந்தவள்

பிணமாகக் கிடந்து நடித்தவர்கள், எழுந்திருக்கும் முன் ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். நாடகத்திலும் அப்படித்தான், பிறகு வந்த பேசாத படங்களிலும் அப்படித்தான். படம் பிடிக்கிற பெட்டி அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் யாராவது சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எழுந்து முகம் கழுவலாம். சிரித்த துண்டை வெட்டிப் போட்டுவிடுவார்கள். அது ஜனங்கள் பார்ப்பதற்காக எடுத்ததில்லை.

சந்திரப்பிரபாவுக்குக் கடைசிப் படத்தில் அந்தச் சிரிப்பு வாய்க்கவில்லை.

அவள் பூரணியம்மாவைத் தேடி வந்தபோது தலையில் பாதி நரைத்திருந்தது. வெண்ணாற்றங்கரையில், சுடுகாட்டை அடுத்த தோப்பில் இருந்தது ஆசிரமம். பூரணியம்மா அவளைவிட வயதில் சிறியவர். ஆனாலும் இவள் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். பாத்திரம் தேய்த்தாள், திரி திரித்தாள், பூஜைக்குப் பூ பறித்தாள். எதுவும் கேட்கவில்லை. பூரணியம்மாவும் அவள் பேரைக் கேட்கவில்லை. "வந்தவளே" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சந்திரப்பிரபா என்பது படக் கம்பெனியில் வைத்த பேர். பெற்றவள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதை அவள் அந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம், பூரணியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் உயிரோடதான் இருக்கேனா?"

"பசிக்குதா?"

"பசிக்குது."

"அப்ப அந்தக் கட்டையும் பிரிச்சு ஆய்."

அவள் கீரையைத் தொடவில்லை. தன் கதையைச் சொன்னாள்.

ஆண்களே மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டி நடித்துக்கொண்டிருந்த காலத்தில், இவள் அந்தப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். செய்தி கேட்ட அன்றைக்கே பெற்ற அம்மா கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகிவிட்டாள். எனக்குப் பெண்ணே இல்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாளாம். படங்களிலும் இவளுக்குச் சாவதுதான் வேலை. ஆற்றில் விழுந்து செத்தாள், தீயில் இறங்கிச் செத்தாள், பாம்பு தீண்டிச் செத்தாள். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு எழுந்தாள்.

கடைசிப் படத்தில் மகாராணி வேஷம். விஷத்தைக் குடித்துச் சாய வேண்டும். சாய்ந்து கண்ணை மூடினாள். சிரிக்கச் சொல்லிக் குரல் வரும் என்று காத்துக் கிடந்தாள். பிலிம் சுருள் தீர்ந்துபோய்விட்டது, சிரிப்பை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று படம் பிடிக்கிறவர் சொன்னது காதில் விழுந்தது. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மறுநாள் கம்பெனியே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது.

"யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலைம்மா. நானா எழுந்துட்டேன்."

படம் ஓட ஆரம்பித்ததும் ஒரு பேச்சு கிளம்பிற்று. அந்தப் பெண் நிஜமாகவே விஷத்தைக் குடித்துவிட்டாள், படத்தில் கிடப்பது பொணமேதான் என்று. முதலாளி இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கே கொட்டகை நிரம்பியது. செத்துப்போனவளுக்கு வேறு எந்தக் கம்பெனி வேஷம் கொடுக்கும்? ஒரு சந்தையில் வளையல்காரியிடம், நான்தான் அவள் என்று சொல்லிப் பார்த்தாள். வளையல்காரி பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கடையைக் கட்டிவிட்டாள்.

"இப்பல்லாம் கண்ணாடியில பார்த்தா, படத்துல கிடந்த முகம்தாம்மா தெரியுது. கண்ணு மூடியிருக்கு. நான் முழிச்சுப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அது மூடியே இருக்கு."

பூரணியம்மா கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டார்.

"இத்தனை காலம் இருந்துட்டு இன்னைக்கு எதுக்குக் கேக்குறே?"

அவள் சொந்த ஊரான நன்னிலத்திலிருந்து வந்த ஒருத்தி காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தலை முழுகின அதே அம்மா இப்போது படுத்த படுக்கையாம். செத்துப்போன மகளை நினைத்து அழுதுகொண்டே கிடக்கிறாளாம்.

"போய் நிக்கணும்மா. ஆனா போறது நான்தானா, வேற ஏதோ ஒண்ணான்னு எனக்கே தெரியலை. வேற ஏதோ ஒண்ணா இருந்தா, பார்த்த மாத்திரத்துல அம்மா உயிரு போயிடும்."

பூரணியம்மா கையை உதறிக் கழுவிக்கொண்டார்.

"திருவிழாக் கொட்டகையில என்ன படம் போட்டிருக்கான்?"

மகாராணி விஷம் குடிக்கிற அதே படம்தான் என்றாள் அவள்.

"வெளக்கேத்திட்டுக் கிளம்பு."

கொட்டகையில் பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்தார்கள். பூரணியம்மா வறுத்த கடலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். ஆர்மோனியம் வாசிக்க ஒருவர், பிரம்பை நீட்டிக் கதை சொல்ல ஒருவர். நனைத்துக் கட்டிய வெள்ளைத் துணியில் மகாராணி வந்தாள். ஒரு நரை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை.

பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டிருந்த ஒருத்தி இவள் பக்கம் சாய்ந்து, "இந்தப் பொண்ணு நெசமாவே செத்துப்போச்சுக்கா, பாவம்" என்றாள்.

"அப்படியா?" என்றாள் சந்திரப்பிரபா.

மகாராணி கிண்ணத்தை எடுத்தாள். குடித்தாள். சாய்ந்தாள். பெண்கள் பக்கமெல்லாம் முந்தானையை வாயில் வைத்து அழுதது. துணி முழுக்க அந்த முகம் ஒன்றே நின்றது.

பூரணியம்மா அவள் காதில் சொன்னார்.

"இப்பச் சிரி."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது.

பெரிய சிரிப்பில்லை. ஆடாமல் கிட என்று சொல்லிப் படுக்கவைத்த சின்னப் பெண், அடக்க மாட்டாமல் விட்டுவிடுகிற சிரிப்பு. துணி கட்டியிருந்த பக்கத்திலிருந்துதான் வந்தது. கதை சொல்கிறவரின் பிரம்பு அந்தரத்தில் நின்றது. ஆர்மோனியம் நின்றுபோயிற்று. பேசாத படம் அது. பக்கத்தில் இருந்தவள் குழந்தையை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். அவள் பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

துணியில் மகாராணி கண்ணை மூடியபடி அப்படியேதான் கிடந்தாள்.

இருவரும் ஆற்றங்கரை வழியாகத் திரும்பினார்கள். நல்ல நிலா. நெடுந்தூரம் வந்த பிறகு அவள் கேட்டாள்.

"அம்மா, அங்க சிரிச்சது நீங்களா?"

"நானா? என் வாய் நிறையக் கடலை."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். சுடுகாட்டில் ஒரு சிதை தணிந்து, கங்குகளாகக் கிடந்தது.

"நானும் சிரிக்கலையேம்மா."

பூரணியம்மா முன்னால் நடந்தார். தோப்புக்குள் போகிற பாதையும் நன்னிலம் போகிற பாதையும் பிரிகிற இடத்தில் நின்றார். மடியில் மிச்சமிருந்த கடலையை அவிழ்த்து, அவள் முந்தானையில் முடிந்துவிட்டார், வழிக்கு ஆகட்டும் என்பதுபோல.

"அவ எழுந்துட்டா, காத்தாயி. நீ ஏன் இன்னும் படுத்திருக்கே?"