இருபத்தேழு விநாடி

"வாயே திறக்க மாட்டேங்குறாங்க, அருளப்பன்."

மங்கையர்க்கரசி மொழி லேப்புக்குள் வந்து, முதலில் தட்டுப்பட்ட நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தில் இருபது வருஷமாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறவர்.

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தார். லேப் டெக்னீஷியன். மேடத்தைவிடப் பத்து வயது சின்னவர். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தலை நரைத்துவிடும்.

"யாரு மேடம்?"

"வேற யாரு, என் பிள்ளைங்கதான். பேச்சு வகுப்பு. ஜூன்ல இருபத்தொரு பேரு இருந்தாங்க. இப்ப நாலு. அந்த நாலும் புடிச்சு வெச்ச பிள்ளையாரு."

அவர் கையில் பதிவாளர் அலுவலகத்துத் தாள் ஒன்று இருந்தது. பேச்சு வகுப்பு அடுத்த பருவத்திலும் தேவையா, தேவையில்லையா? டிக் போட்டு இன்று ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். பரீட்சை வகுப்பை யாரும் தொட மாட்டார்கள். போனால் இது ஒன்றுதான் போகும். எட்டு வருஷத்துக்கு முன்னால், யார் யார் காலிலோ விழாத குறையாக அவரே கேட்டு வாங்கிய வகுப்பு.

"தேவையில்லைன்னு போட்டுடலாம்னு இருக்கேன். என்னால முடியல. தொண்டத் தண்ணி வத்திப் போச்சு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டார்.



"கேள்வியும் நானே, பதிலும் நானே. காலையில என்ன சாப்பிட்டேன்னு ஒரு கேள்வி. பச்சக் குழந்தைகூடச் சொல்லிடும். இந்த இசக்கிராஜ் இருக்கானே, எந்திரிச்சு 'நான்'னு ஆரம்பிப்பான். அவ்வளவுதான். அப்படியே நிப்பான். பாவம் தவிக்கறானேன்னு 'இட்லி சாப்பிட்டேன்'னு நானே முடிச்சு வைப்பேன். தலையாட்டிட்டு உக்காந்துடுவான். அப்புறம் பாதி வகுப்புக்குக் கண்ணு சொருகிக்கும் அவனுக்கு. மூணு மாசமா இட்லியே சாப்பிட்டா பின்ன வேற என்ன ஆகும்?"

அவரே சிரித்தார். அருளப்பன் சிரிக்கவில்லை.

"என்ன தப்பு பண்றேன் நான்? சொல்லுங்களேன்."

"எனக்கு அந்த பாஷை தெரியாது மேடம்."

"வகுப்புக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து எல்லா வகுப்பையும் பதிவு பண்றீங்க. பதினோரு வருஷமா கேக்கறீங்கல்ல?"

"கேக்கறதில்ல. முள்ளத்தான் பாப்பேன்."

பதிவுப் பெட்டி அரதப் பழசு. அதில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு முள். அறையில் பேச்சு இருந்தால் முள் எழும்பும். இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை.

"சரி. அந்த முள்ளு என்னதான் சொல்லுது?"

அருளப்பன் எழுந்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார்.

லேப்பில் மூன்று பெட்டி நிறையப் பழைய கேசட்டுகள் கிடந்தன. ஒரு மாதமாக அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பேச்சில்லாமல் சும்மா ஓடுகிற இடத்தையெல்லாம் வெட்டிவிடுங்கள், இடத்தை அடைக்கும் என்று சொல்லியிருந்தவர் மங்கையர்க்கரசிதான்.

"எல்லாத்தையும் ஏத்திட்டேன் மேடம். இது ஒண்ணுதான் பாக்கி."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"நீங்களே பாருங்க."

பதிவுப் பெட்டியில் போட்டு ஓடவிட்டார்.

கொஞ்சம் கரகரப்பு. பிறகு ஓர் ஆண்குரல், ஜெர்மனில்: நேற்று சாயங்காலம் என்ன செய்தாய்?

மங்கையர்க்கரசிக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரங்கமணி சார்! இதே கட்டடத்தில் அவருக்கு இந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர். செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. குரல் அப்படியே இருக்கிறது.

ஒரு பெண்குரல் பதில் சொல்ல வந்தது. "நேற்று... நான்..." அம்மாடி, என்ன நடுக்கம்.

முள் படுத்தது.

அறையில் சத்தமே இல்லை.

"நின்னுடுச்சே," என்றார் மங்கையர்க்கரசி. "டேப் தேஞ்சு போச்சு போல."

அருளப்பன் ஒரு விரலை உதட்டில் வைத்தார்.

முள் எழும்பவில்லை. மங்கையர்க்கரசி நாற்காலியில் நெளிந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இந்த மாதிரி இடத்தத்தானே வெட்டச் சொன்னேன்? முன்னால ஓட்டுங்க."

அவரே எட்டிப் பொத்தானை அழுத்தப் போனார். அருளப்பன் தன் உள்ளங்கையால் பொத்தான்களை மூடிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் மேடத்தின் கையை அவர் மறித்ததே கிடையாது.

அப்போதுதான் முள் துடித்தது.

"நேற்று... நான் ஹாஸ்டல் மொட்டை மாடி... ஏறினேன். ரயில் பார்த்தேன். அது என் ஊர் போகிற ரயில்."

அத்தனையும் தப்பு. ஒரு வாக்கியம்கூட உருப்படியாக இல்லை. ரங்கமணி சார் அதில் எதையும் தொடவில்லை.

"எத்தனை மணி ரயில்?" என்று மட்டும் கேட்டார்.

அருளப்பன் பெட்டியை நிறுத்தினார். கேசட்டின் உறையைத் திருப்பிக் காட்டினார். மங்கிய மையில் எழுதியிருந்தது: ஆர். மங்கையர்க்கரசி, முதலாம் ஆண்டு.

மங்கையர்க்கரசிக்குத் தன் குரலே அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

உறையை வாங்கித் தன் பெயரை இன்னொரு தடவை படித்தார். "சார் ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தாரு?"

"தெரியாது மேடம். இருபத்தேழு விநாடி. அளந்து பார்த்தேன்."

"என் வகுப்புல?"

அருளப்பன் முள்ளிருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"உங்க கிளாஸ்ல இது படுத்ததே இல்ல மேடம்."

மங்கையர்க்கரசி எழுந்தார். மணி நான்காகப் போகிறது. கதவருகே போனவரை அருளப்பன் கூப்பிட்டார். ஓர் அதிகாரியிடம் உத்தரவு கேட்கிற பணிவோடுதான் கேட்டார்.

"இத வெட்டிடட்டுமா மேடம்?"

மங்கையர்க்கரசி வகுப்புக்குள் போனார்.

நான்கு பேர். மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். தாளை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு வருகைப் பதிவு எடுத்தார். பாடத்தில் ஒரு பக்கம் படித்துக் காட்டினார். அதையும் இதையும் பேசி முக்கால் மணியை ஓட்டினார். உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் ஜெர்மனில் கேட்டார்.

"இசக்கிராஜ், காலையில் என்ன சாப்பிட்டாய்?"

இசக்கிராஜ் எழுந்தான்.

"நான்..."

நின்றுவிட்டான்.

இட்லி அவர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான். வழக்கமாக வருகிற உதவி வரவில்லை. தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்துவிட்டது. ஐயோ, சொல்லிக் கொடுத்துத் தொலைத்துவிடலாமே என்று மங்கையர்க்கரசிக்குத் தோன்றியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருளப்பன் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்... சாப்பிடவில்லை," என்றான் இசக்கிராஜ். "நான் தோசை... சுடுகிறேன். ஓட்டல். காலை நாலு மணி. தினம் நூறு தோசை."

எல்லாம் தப்பு. மங்கையர்க்கரசி எதையும் திருத்தவில்லை.

மற்ற மூன்று பேரும் அவன் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"எந்த ஓட்டல்?"

ஜெர்மனில்தான். கேட்டது மங்கையர்க்கரசி இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண். ஜூன் மாதத்திலிருந்து வாயைத் திறக்காதவள்.

இசக்கிராஜ் யோசித்தான். வழி சொல்ல வேண்டும், அதற்கு வார்த்தை வேண்டும். தேடிக்கொண்டு நின்றான். வகுப்பே அவனோடு சேர்ந்து நின்றது.

கதவு மெல்லத் திறந்தது. பதிவாளர் அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"என்ன மேடம், யாரும் பேசலியே. வகுப்பு முடிஞ்சுதுன்னா அந்தப் பேப்பர..."

மங்கையர்க்கரசி திரும்பவில்லை. இசக்கிராஜிடமிருந்து கண்ணை எடுத்ததே ஒரு கணம்தான், 'தேவை' எங்கே இருக்கிறது என்று பார்க்க. டிக் போட்டார். தாளைக் கதவுப் பக்கம் நீட்டினார்.

பிறகு அதே கையின் ஒரு விரலை உதட்டில் வைத்தார்.