சுவர் டிவியில் தெரிந்த படை

காந்திபுரத்துக் கேம் சென்டரில், ஜாய்ஸ்டிக் பிடித்து ஆடும் கன்சோல் அறையைப் பார்த்துக்கொண்டவள் இன்பவள்ளி. முதலாளி மதிவதனனுக்கு அவள் வெறும் 'ஏம்மா'தான்.

"ஏம்மா, ஸ்ட்ராட்டஜி கேம்னா கம்ப்யூட்டர்ல மவுஸ் பிடிச்சு ஆடணும். ஜாய்ஸ்டிக்கைத் தடவறவனுக்கு மூளை ஏது? அந்த அறையை மூடப்போறேன். வேலை வேணும்னா ஜாய்ஸ்டிக்ல என்னை ஜெயிச்சுக் காட்டு."

"சரிங்க சார். நீங்க ஆடறது சுவர் டிவியில தெரியட்டும். எல்லாரும் பார்த்துக் கத்துக்குவாங்க."

அவருக்கு முகமெல்லாம் பல். தன் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு ஒயரைத் தானே மாட்டினார்.

எதிராளியின் படை எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரியாமல் மோதுவதுதான் அந்த ஆட்டமே. அவர் விரல்கள் பறந்தன, கூட்டம் கைதட்டியது. இன்பவள்ளி டிவியைப் பார்த்துப் பார்த்து, அவர் படை வரும் வழியிலெல்லாம் நிதானமாக ஆள் நிறுத்தினாள். இருபதே நிமிடத்தில் அவர் கோட்டை விழுந்தது.

"என் ஸ்கிரீனைப் பார்த்து ஆடியிருக்கே!"

"எல்லாரும் பார்க்கத்தானே சார் மாட்டினீங்க? மூணு வருஷமா நீங்க என்னை ஏறெடுத்துப் பார்த்ததில்ல. அதுக்காக நானும் உங்களைப் பார்க்காம இருக்கணுங்களா?"

கூட்டம் சிரித்துவிட்டதால் வேலை தப்பியது. அவர் எழுந்து போகும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஏம்மா, அந்த டிவியை அணைச்சுத் தொலை."