பூ இல்லாத இடம்

"அம்மா, என் கோபத்தைப் பிடுங்கி எறிய ஒரு வழி சொல்லுங்க. இது என்னைத் தின்னுது."

அன்னக்கனி குடிசை வாசலில் நின்றுகொண்டே கேட்டாள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

செம்மணல் காட்டின் ஓரத்தில் தனியாக இருந்த அந்த அம்மா, அன்னக்கனியைவிட நன்றாகவே வயதில் இளையவர். ஆனாலும் ஊரே அவரைக் குரு என்றது. அவர் யாரையும் வா என்றதுமில்லை, போ என்றதுமில்லை.

"செருப்பு காலிலேயே இருக்கட்டும் அக்கா," என்றார். "நடப்போம்."

இருவரும் கால்வாய்ப் பாதையில் இறங்கினார்கள்.

மணல் காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது அந்தக் கால்வாய். மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடியிருக்கும். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் வெளியே கேட்கும். மலையில் புறப்பட்டு, காய்ந்து கிடக்கிற ஊர்களை எல்லாம் தாண்டி, பட்டணத்துக்குப் போகிற தண்ணீர்.

அந்த வருடம் மாசியில் யாரும் நினைக்காத மழை. பங்குனி பிறந்ததும் மணல் முழுக்கப் பூ. மஞ்சள் நெருஞ்சி, வெள்ளைத் தும்பை, ஊதாக் கொழுஞ்சி. கால் வைக்க இடமில்லை.

அன்னக்கனி பூவைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"கேக்குதா அம்மா? கவர்மெண்டுக்காரன் எங்க நிலத்தைத் தோண்டித்தான் இதைக் கட்டினான். உங்க ஊருக்கும் ஒரு குழாய் உண்டுன்னு சொன்னான். எங்கே குழாய்? அங்கே பங்களாப் புல்லுக்கு ஊத்துதான். இங்கே எம் பேத்தி உப்புத் தண்ணியைக் குடிச்சிட்டு வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கா."

"ம்."

"நான் வாயைத் திறந்தா, ஊருக்கெல்லாம் நீதான் வக்கீலான்னு எம் மகளே கேக்கா. ஆபீசுக்குப் போனா, அந்தம்மா வந்தாச்சு, கதவைச் சாத்துங்கான். கோபத்தை விடு, விடுன்னு எல்லாரும் சொல்லுதாவ. எப்படி விடணும்னு ஒருத்தரும் சொல்லல."

"எங்கே வச்சிருக்கீங்க அதை?"

"எதை?"

"கோபத்தை."

"வாயிலதான். வேற எங்கே வைக்க விட்டான்?"

குரு சிரித்துவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அன்னக்கனி குரலைத் தாழ்த்தினாள்.

"உங்ககிட்ட சொல்ல என்ன. அந்தா, அந்த வளைவுல கால்வாய்ச் சுவரு கீறி இருக்கு. கசியுது. பக்கத்துல மணலைத் தோண்டி, ஓலை போட்டு மூடி வச்சிருக்கோம். விடியுமுன்னே வந்து குடத்துல மோந்துக்கிடுவோம். எங்க ஊருக்கு நல்ல தண்ணி அது ஒண்ணுதான்."

"யாருக்கும் தெரியாதா?"

"அங்கதான் சனியன். பங்குனியில லஸ்கர் வருவான், கால்வாய்க் காவக்காரன். மத்த வருசமெல்லாம் இந்தப் பாலையில ஈரம் இருக்கிற இடத்துல மட்டுந்தான் பூ பூக்கும். அவன் சும்மா பூவைப் பார்த்துக்கிட்டே வருவான். எங்கே பூ இருக்கோ அங்கே கசிவு. உடனே சிமெண்டைப் போட்டுப் பூசிருவான். அதனால அவன் வருமுன்னே நாங்க பூவைப் பிடுங்கிருவோம். இன்னைக்கு என் முறை. இருட்டோட வந்து, குனிஞ்ச தலை நிமிராம, ஒரு பூ விடாமப் பிடுங்கிட்டேன்."

அவள் பச்சைக் கறை படிந்த தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

"பூ என்ன பாவம் செஞ்சுது அம்மா? அதையும் என் கையால பிடுங்க வச்சிட்டானே. அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது."

குரு நின்றார். கையை உயர்த்தி, விரலை மெல்ல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினார்.

பூ. பூ. பூ.

விரல் வளைவில் நின்றது.

அங்கே மட்டும் மொட்டைத் தலைபோல வெறும் சிவப்பு மணல்.

அன்னக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! மழை பெஞ்சதை மறந்துட்டேனே!"

ஓடினாள். கைக்கு அகப்பட்ட பூவையெல்லாம் பறித்து வந்து மொட்டை மணலில் நட்டாள். வெயிலில் அவை நட்ட கையோடு துவண்டு சாய்ந்தன.

"அம்மா, நீங்களும் ரெண்டு நடுங்க!"

குரு நின்ற இடத்திலேயே நின்றார்.

சிமெண்ட் பலகைமேல் காலடிச் சத்தம். லஸ்கர் துரைப்பழம் வந்துவிட்டான். தோளில் சிமெண்ட் பை, கையில் கரண்டி.

"என்னக்கா, பூந்தோட்டம் போடுதியளா?"

அன்னக்கனி வாயைத் திறந்தாள். பிடுங்கிய தடத்துக்கு வருடா வருடம் சொல்லுகிற பொய் தானாகவே நாக்குக்கு வந்தது.

"ஆடு வந்து..."

கையிலிருந்த தும்பையைப் பார்த்தாள். அது தலை தொங்கிப் போயிருந்தது.

"ஆடு மேயல. நான்தான் பிடுங்கினேன். இங்கே சுவரு கசியுது. எங்க ஊரு இதைத்தான் குடிக்குது."

துரைப்பழத்தின் முகம் செத்துப்போனது.

"ஏன்க்கா வாயால சொன்னிய? இனி அடைக்காமப் போனா எம் வேலை போயிருமே."

"அடை."

அவள் ஓலையைத் தூக்கி எறிந்தாள். பள்ளத்துக்குள் காலைப் போட்டு, கீறலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். முதுகுப்பக்கச் சேலை நனைந்தது.

"என்னையும் சேர்த்து வச்சு அடை. பட்டணத்துல கேட்டா, கசிவுக்கு ஒரு பொம்பளையை வச்சுப் பூசியிருக்கேன்னு சொல்லு."

"எந்திரிங்கக்கா. பெரிய அதிகாரியைக் கூப்பிடும்படி ஆயிரும்."

"கூப்பிடு. இத்தனை வருசமா அவரைத்தானே தேடுதேன்!"

துரைப்பழம் பையை இறக்கி வைத்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு, டவர் கிடைக்கிற மேட்டைப் பார்த்து நடந்தான்.

குரு பள்ளத்தின் அருகில் வந்தார்.

"அக்கா, காலையில ஒண்ணு கேட்டீங்களே. கோபத்தைப் பிடுங்கி எறிய வழி."

அன்னக்கனி தன்னைச் சுற்றியிருந்த மொட்டை மணலைப் பார்த்தாள்.

"அதையும் பிடுங்கணுமா அம்மா?"

குரு சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துப் பள்ளத்துக்குள் இறங்கினார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க," என்றார்.